திரை ஒளிர்கிறது, சத்தம் மட்டும் இல்லை: புதிய செட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: நான் புதுக்குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்தவன். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகிப் பல கைகள் மாறி வந்த கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதிலிருந்த பழைய வானொலிச் செட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு வருடங்களுக்கு முன் தொடுதிரை உள்ள செட் ஒன்றைப் பூட்டினேன். கடந்த மாரி மழைக்குப் பிறகு அதில் சத்தமே வருவதில்லை. திரை ஒளிர்கிறது, தொலைபேசி புளூடூத்தில் இணைகிறது, பாட்டின் நிமிடக் கணக்கும் நகர்கிறது. ஆனால் நான்கு ஸ்பீக்கர்களும் ஊமையாக இருக்கின்றன. இரண்டு தடவை மட்டும், கிரவல் வீதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ‘பட்’ என்ற ஓசையுடன் சத்தம் வந்து, சில நிமிடங்களில் நின்றுவிட்டது. பியூஸ்கள் நன்றாக இருக்கின்றன. ஒரு கடையில் காட்டியபோது, உள்ளே ஐசி எரிந்துவிட்டது, புதிய செட் வாங்குவதே வழி என்றார்கள். மாதத்தில் ஒரு நாள் அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கிறேன். வழிநெடுக வானொலி கேட்டுக்கொண்டு வருவதுதான் அவருக்கு ஆறுதல். புதிய செட் வாங்கத்தான் வேண்டுமா? வீட்டில் ஒரு மல்ரிமீற்றர் இருக்கிறது. நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, இப்போதைக்குப் புதிய செட் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியவற்றில் மிகப் பெறுமதியான செய்தி, பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சத்தம் வந்தது என்பதுதான். ஐசி என்று அவர்கள் சொன்னது, செட்டுக்குள் இருந்து ஸ்பீக்கர்களை ஓட்டும் அம்ப்ளிபயர் சில்லை. முற்றாக எரிந்துபோன ஐசி பள்ளத்தில் குலுங்கியதற்காக உயிர் பெறாது. குலுக்கத்தில் வந்து குலுக்கத்தில் போகும் சத்தம், எங்கோ ஒரு வயர் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொண்டோ, தொட வேண்டிய இடத்தைத் தொடாமலோ இருப்பதையே காட்டுகிறது. அதோடு நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் பழுதாவதும் அனேகமாக நடப்பதில்லை. ஆகவே நான்குக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். கிளிநொச்சியில் வாகன மின்வேலை செய்துவரும் எனக்கு, ‘செட் செத்துவிட்டது’ என்று கொண்டுவரப்படும் கார்களில் செட் உயிரோடுதான் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்தபோதும் அந்த நம்பிக்கையே எனக்கு வந்தது.

முதலில், கருவி எதுவும் தேவைப்படாத சில விடயங்களைப் பார்த்துவிடுங்கள். சத்தத்தை முற்றாக அடக்கும் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்றும், முன் பின் ஸ்பீக்கர்களுக்கும் இடம் வலம் ஸ்பீக்கர்களுக்கும் சத்தத்தைப் பங்கிடும் இடத்தில் புள்ளி நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். தொடுதிரை செட்டுகளில் பாட்டுக்கு ஒரு சத்த அளவும், தொலைபேசி அழைப்புக்கு வேறொரு சத்த அளவும் தனித்தனியே இருப்பதுண்டு. பிறகு புளூடூத்தை விட்டு வானொலியையும் யூஎஸ்பியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்றிலாவது சத்தம் வந்தால், ஸ்பீக்கர்களும் வயர்களும் சரி என்று பொருள். குறை அந்த மற்ற வழியில் இருக்கிறது. மூன்றிலும் மௌனம் என்றால், செட்டை நிறுத்தி, ஒரு கதவு ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். செட் விழிக்கும்போது மிக மெல்லிய ‘டப்’ ஓசை கேட்டால், உள்ளிருக்கும் அம்ப்ளிபயர் எழுந்திருக்க முயல்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

பியூஸ் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறீர்கள் என்றால், மீற்றராலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்பி முழுமையாகத் தெரிந்தாலும் காலோடு சேரும் இடத்தில் விட்டுப்போன பியூஸ்களை நான் கண்டிருக்கிறேன். செட்டின் முதுகிலும் 10 அல்லது 15 அம்பியர் பியூஸ் ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதை மறந்துவிடுகிறார்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக அதிக அம்பியர் பியூஸையோ, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ வைக்க வேண்டாம். டாஷ்போர்டுக்குள் புகை எழும்பிய கார்களில் இந்த ஈயத்தாளை நான் என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

இனிச் செட்டை வெளியே இழுக்க வேண்டும். அதற்கு முன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். உங்கள் செட்டுக்கு இதனால் கெடுதி இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்து காருடன் வந்த வழிகாட்டும் வரைபடமுள்ள மூலச் செட்டை இன்னும் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும்: அவற்றில் சில, பற்றரி கழற்றப்பட்டதும் பூட்டிக்கொண்டு, வரைபட அட்டையையோ இரகசிய இலக்கத்தையோ கேட்கும். இன்னொரு எச்சரிக்கை எல்லோருக்கும் உரியது. டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற உறையோ மஞ்சள் நிறச் சொக்கற்றோ கொண்ட வயர்க் கட்டு தென்பட்டால் அது பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியது. அதில் மீற்றரின் ஊசியை வைக்கவே கூடாது.

செட்டின் பின்புறத்து வயர்களின் நிறங்கள் பெரும்பாலான செட்டுகளில் ஒரே மாதிரியானவை. மஞ்சள், பற்றரியிலிருந்து நேராக வருவது; சிவப்பு, திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் வருவது; கறுப்பு, எர்த், அதாவது காரின் உடல் இரும்போடு சேர்வது. ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என நான்கு சோடிகள்: முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். ஒவ்வொரு சோடியிலும் கறுப்புக் கோடு உள்ளது மைனஸ். இந்த நிறங்கள் செட்டோடு வந்த வயர்களுக்கு மட்டுமே பொருந்தும். காரின் சொந்த வயர்களுக்கு வேறு நிறங்கள் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் முன்பு பூட்டியவர் வயரை முறுக்கி ரேப் மட்டும் சுற்றியிருந்தால், அந்த மூட்டுகளை முதலில் பாருங்கள். நம் பக்கத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் ரேப்பின் பசை இளகி, ரேப் வழுகி, செம்பு வெளியே தெரியத் தொடங்கிவிடும்.

பற்றரியை மறுபடி இணைத்து, செட்டைத் தொங்கவிட்ட நிலையிலேயே மீற்றரை நேர் மின் வோல்ற்றில் வைத்து மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் அளவெடுங்கள். இயந்திரம் நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ற்றுக்கு அண்மையிலும், ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரையிலும் இருக்க வேண்டும். திரை ஒளிர்வதை வைத்து மின் சரியாக வருகிறது என்று முடிவு செய்யக் கூடாது. திரைக்குச் சிறிதளவு மின்னோட்டம் போதும். அம்ப்ளிபயருக்கோ பல அம்பியர் வேண்டும். மூட்டு ஒன்று பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் திரை எரியும், அம்ப்ளிபயர் எழாது. கறுப்பு வயருக்கும் காரின் உடல் இரும்புக்கும் இடையிலும் அளவெடுங்கள். அங்கே 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை; வர்ணம் சுரண்டிய இரும்பில் ஸ்க்ரூவை இறுக்கிப் புதிய எர்த் கொடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தரும் சோதனை. செட்டைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு, சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். மீற்றரின் கறுப்பு ஊசியைக் காரின் இரும்பில் வைத்து, சிவப்பு ஊசியால் எட்டு ஸ்பீக்கர் வயர்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நல்ல செட்டில் பிளஸ், மைனஸ் என்ற வேறுபாடின்றி எட்டிலும் பற்றரி வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி, அதாவது 6 வோல்ற்றுக்கு அண்மையில் காட்டும். மைனஸிலும் 6 வோல்ற்றா என்று வியக்க வேண்டாம். இன்றைய செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இரண்டு முனைகளிலிருந்தும் தள்ளி இழுக்கும் வகையில்தான் அம்ப்ளிபயர் அமைந்திருக்கிறது. மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அது எர்த் அல்ல. பழைய கசெற் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையை உடல் இரும்பில் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் தொழில் பழகிய சிலர் இன்றும் அப்படியே செய்துவிடுகிறார்கள். இன்றைய செட்டில் அப்படிச் செய்தாலும், வயரின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டாலும், அளவு மீறிய மின்னோட்டம் பாயத் தொடங்கும். அதைக் கண்டதும் அம்ப்ளிபயர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே மூடிக்கொள்ளும். ஒரே ஐசி நான்கு ஸ்பீக்கர்களையும் ஓட்டுவதால், பின் கதவில் ஒரு வயர் இரும்பைத் தொட்டாலே பெரும்பாலான செட்டுகளில் நான்கு பக்கமும் ஊமையாகிவிடும். பள்ளத்தில் கார் குலுங்க, அந்த வயர் இரும்பை விட்டு விலக, ‘பட்’ என்று ஐசி எழும்ப, சில நிமிடங்களில் வயர் மறுபடி இரும்பில் சாய, மீண்டும் மௌனம். உங்கள் காரில் நடப்பது இதுதான் என்று நான் வலுவாக எண்ணுகிறேன்.

எட்டு வயர்களிலும் 6 வோல்ற்று இருந்தும் சத்தம் இல்லை என்றால் ஐசி விழித்திருக்கிறது, ஆனால் வாய் கட்டப்பட்டிருக்கிறது. அப்போது, தொலைபேசி அழைப்பு வரும்போது பாட்டை அடக்குவதற்கென்று விடப்பட்டிருக்கும் தனி வயர் எங்காவது இரும்பைத் தொடுகிறதா என்று தேடுங்கள். சில தயாரிப்புகளில் அது மண்ணிறம், சிலவற்றில் மஞ்சளில் கறுப்புக் கோடு. பயன்படுத்தாத வயர்களின் நுனியை மூடாமல் விட்டால் இந்த வினை வரும். எட்டிலும் 0 என்றால் ஐசி மூடிக்கொண்டிருக்கிறது, அல்லது அதற்கு மின் போகவில்லை. ஒரு சோடியின் இரு வயர்களுக்கு இடையில் மட்டும் பல வோல்ற்று வித்தியாசம் காட்டினால், அந்த நிலையில் ஐசி பழுது என்று சொல்லலாம். அந்த ஸ்பீக்கரை உடனே கழற்றுங்கள், இல்லையேல் அதன் சுருளும் எரிந்துவிடும்.

எட்டிலும் 0 என்று வந்தால், செட்டை நிறுத்திவிட்டு எட்டு ஸ்பீக்கர் வயர்களையும் செட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். வீட்டில் கிடக்கும் ஏதாவது 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை, அல்லது ஒரு கதவிலிருந்து கழற்றியதை, செட்டின் ஒரு சோடியில் நேராக இணைத்துச் செட்டைப் போடுங்கள். சத்தம் வந்தால் செட் நல்லது. அந்தக் கடைக்காரர் சொன்னதை அத்தோடு மறந்துவிடலாம். என் கடைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் செய்து காட்டுவதும் இதைத்தான், ஏனெனில் தன் செட் மேசையில் கிடந்து பாடுவதைக் காதால் கேட்டவரைப் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது.

அடுத்து, பிரித்த நான்கு சோடிகளையும் காரின் பக்கத்திலிருந்து அளவெடுக்க வேண்டும். மீற்றரை ஓம் அளவுக்கு மாற்றி, இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் சிறு அளவைக் குறித்துக்கொண்டு, பின்னர் எடுக்கும் அளவுகளிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் சோடிக்கு இடையில் 3.2 முதல் 4 வரை காட்டுவது சரி. எதுவும் காட்டாவிட்டால் வயரோ சுருளோ அறுந்திருக்கிறது. 1 ஓமுக்குக் கீழே என்றால் இரு வயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. அதன் பிறகு ஒவ்வொரு வயருக்கும் காரின் இரும்புக்கும் இடையில் அளவெடுங்கள். அங்கே எந்த அளவும் வரவே கூடாது. இதைச் செய்யும்போது யாரையாவது கொண்டு நான்கு கதவுகளையும் மெதுவாகத் திறந்து மூடச் செய்யுங்கள். டிக்கியின் மூடியையும் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். எந்தக் கதவு அசையும்போது இலக்கம் துள்ளுகிறதோ அந்தக் கதவில்தான் உங்கள் நோய் இருக்கிறது. காரை நிறுத்திவைத்து எடுக்கும் அளவில் அகப்படாத குறை இந்த அசைவில் அகப்பட்டுவிடும்.

மீற்றர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. செட்டிலிருந்து பிரித்த சோடியின் நுனிகளை 1.5 வோல்ற்று பென்டோர்ச் பற்றரியின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால், ஸ்பீக்கர் ‘டொக்’ என்று ஒலிக்கும். 1990களில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாங்கள், ஒரு சிறிய பற்றரி எவ்வளவு வேலை செய்யும் என்று நன்றாக அறிவோம். ஆனால் இந்தச் சோதனை ஸ்பீக்கருக்குப் போய் வரும் வழி அறாமல் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வயர் இரும்பைத் தொடுவதைச் சொல்லாது. 12 வோல்ற்றுப் பற்றரியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், சுருள் கருகிவிடும்.

மழைக்குப் பின் தொடங்கியது என்றீர்கள். அதனால் முதலில் கதவுகளைச் சந்தேகிக்கிறேன். கண்ணாடியின் ஓரத்தால் மழை நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்காகக் கதவின் அடி விளிம்பில் சிறிய துளைகள் இருக்கும். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதிகளில் மாரியில் ஓடிய காரில் இந்தத் துளைகளைச் செம்மண் சேறு அடைத்துவிடுகிறது. நீர் கதவுக்குள்ளேயே தேங்கி நிற்கும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே ‘களக்’ என்று கேட்டால் அதுதான். ஸ்பீக்கரின் முனைகள் அந்த ஈரத்தில் துருப்பிடித்து, துருவும் சேறும் முனையிலிருந்து சட்டத்துக்குப் பாலமாகிவிடும். ஒரு பழைய கம்பியை மடக்கி அந்தத் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம், கதவுக்கும் உடலுக்கும் இடையில் வயர்கள் செல்லும் கறுப்பு இறப்பர் உறை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் உள்ளே வயர்கள் ஒரே இடத்தில் மடிகின்றன. அதிகம் திறக்கப்படும் சாரதிக் கதவில் இது முதலில் முறியும். உறையை விளிம்பிலிருந்து மெதுவாகக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளினால், தோல் வெடித்துச் செம்பு பச்சையாகத் தெரிவதைக் காணலாம்.

மூன்றாவது, டிக்கி. நெல் மூட்டையை டிக்கியில் ஏற்றாத கார் வன்னியில் குறைவு. காலபோக அறுவடைக் காலத்தில் சிந்திய நான்கு நெல்மணிகளுக்காக எலி உள்ளே வந்து, நெல்லை முடித்துவிட்டு வயரின் தோலைக் கடிக்கத் தொடங்கும். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த ஒரு கார் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் நான்கு ஸ்பீக்கர்களும் உங்கள் காரைப் போலவே ஊமை. கதவுகளில் எந்தக் குறையும் இல்லை. பின் கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டைக் கழற்றியபோது, விரிப்பை இறுக்க யாரோ அடித்த நீண்ட ஸ்க்ரூ ஒன்று ஊதா வயரின் நடுவே குத்திக்கொண்டு நின்றது. ஸ்க்ரூ நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு கருகல், அதைச் சுற்றி எலி கொண்டுவந்து வைத்த வைக்கோல். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிக் குட்டையான ஒன்றை மாற்றி, அரை அங்குல வயரைச் சீர்செய்ததும் செட் பாடத் தொடங்கியது. அந்தக் காரின் உரிமையாளர் அதற்கு முன் ஒரு செட்டை மாற்றியிருந்தார். இரண்டாவது செட்டும் ஊமையாகிய பிறகுதான் என்னிடம் வந்தார். உங்களுக்கு அந்தச் செலவு வரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அறுந்த இடத்தைக் கண்டதும் முறுக்கி ரேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, பல இழைகள் கொண்ட நெகிழ்வான வயரைச் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். கதவு மடியும் இடத்தில் மட்டும் ஈய மூட்டு வரக் கூடாது. ஈயம் ஏறிய வயர் விறைத்து, மடியும்போது பக்கத்திலேயே முறியும். அங்கே நீளமான புதிய வயரைப் போட்டு, மூட்டுகளைக் கதவுக்குள் ஒன்று, உடலுக்குள் ஒன்று என்று தள்ளி வையுங்கள்.

ஆசனத்துக்கு அடியில் தனி அம்ப்ளிபயர் வைத்திருப்பவர்கள், செட்டிலிருந்து போகும் வெள்ளைக் கோடிட்ட நீல வயரில் செட் போட்டிருக்கும்போது 12 வோல்ற்று வருகிறதா என்றும், அம்ப்ளிபயரின் தனிப் பியூஸ் நல்லதா என்றும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்று இல்லாததால் இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

தனியே இணைத்த ஸ்பீக்கரிலும் சத்தம் வராமல், மஞ்சளும் கறுப்பும் சரியாக இருந்தால், கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அப்போதும் புதிய செட்தான் வழி என்பதில்லை. செட்டை விரல் நுனியால் மெல்லத் தட்டும்போது சத்தம் வந்து போனால், பின் சொக்கற்றின் கால்களில் ஈயம் வெடித்திருக்கும். மறுபடி பற்றவைத்தால் போதும். ஐசியே போயிருந்தாலும் மாற்றலாம். இவ்வகைத் தொடுதிரைச் செட்டுகள் பலவற்றில் இருப்பது 7388 என்ற இலக்கம் கொண்ட, 25 கால்கள் உள்ள ஐசி. இலத்திரனியல் திருத்துநர் ஒருவர் அதைக் கழற்றிப் புதியதை வைத்து, வெப்பம் கடத்தும் பசையைப் பூசி இறுக்கித் தருவார். ஆனால் வயரில் உள்ள குறையைத் தீர்க்காமல் ஐசியை மட்டும் மாற்ற அனுமதிக்காதீர்கள். அதே வயர் புதிய ஐசியையும் கொண்டுபோய்விடும்.

உங்கள் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எட்டு வயர்களின் வோல்ற்று, நான்கு சோடிகளின் ஓம், எட்டு வயர்களுக்கும் இரும்புக்கும் இடையிலான அளவு. எந்தக் கடைக்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் நாளுக்குள் கதவைக் கழற்றி வேலை முடிக்க நேரம் போதாவிட்டால், இரும்பைத் தொடும் அந்த ஒரு சோடியை மட்டும் செட்டிலிருந்து பிரித்து, இரு பக்க நுனிகளையும் தனித்தனியே நன்றாக மூடிவிட்டு, மற்ற மூன்று சோடிகளையும் இணைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்பீக்கர்களோடு ஓடுவதால் செட்டுக்கு எந்தக் கெடுதியும் இல்லை. அம்மா அமரும் பக்கத்து ஸ்பீக்கர் அந்த மூன்றில் ஒன்றாக இருந்தால், பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறும்போது அவர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.